எல்லோரும் இரண்டாவதாகப் போட்ட வளைவு

சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் 'செண்பகா நகர் விரிவு' என்று எழுதிய ஒரு வரவேற்பு வளைவு இருக்கிறது. வலது தூண் குண்டு, இடது தூண் ஒல்லி. அதில் பதித்திருக்கும் கல்லில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. என் பெயர் இல்லை. ஆனால் அந்த வளைவு அங்கே நிற்பதற்கு முழு முதல் காரணம் நான்தான். இத்தனை வருஷம் இதை வெளியே சொன்னதில்லை. (வீட்டில் நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவர்களே தினம் சொல்லிக் காட்டுகிறார்கள்.)

இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்த கதை. எனக்கு அப்போது சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டிரெய்னி. தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் போகும்போது தூக்கம், வரும்போது தூக்கம். நடுவில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதை ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைக்குக்கூடக் கழற்றாமல் போட்டுக்கொண்டு போன பெண் நான்.

அந்தக் கம்பெனியில் எனக்கு இரண்டு நாள் ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஊழியர்களிடம் எட்டு விஷயங்களைக் கொடுத்து, எது முக்கியம் என்று ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசைப்படுத்தச் சொல்வது. பிறகு எல்லா ஃபாரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுப்பது. எதற்குக் குறைந்த எண் வருகிறதோ அதுதான் நிறுவனத்தின் முதல் தேவை. இவ்வளவுதான் பாடம். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் நான் தூங்கிவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக, எனக்குத் தெரிந்தது ஒன்றரை நாள் பாடம்.

இனி எங்கள் நகரைப் பற்றி. நாலு தெரு. கோயில் பக்கம் மேடு. அங்கேதான் முதலில் மனை விற்றார்கள், அதனால் அது முதல் தெரு. மெயின் ரோடு பக்கம் பள்ளம். கடைசியாக விற்றார்கள், அது நாலாவது தெரு. நகருக்குள் யார் வந்தாலும் நாலாவது தெரு முனை வழியாகத்தான் வர வேண்டும், தண்ணீர் வெளியே போவதும் அந்த முனை வழியாகத்தான். அங்கே பாதி தூர்ந்துபோன ஒரு மண் ஓடை இருந்தது. பெரிய மழை பெய்தால் அது தாங்காது, நாலாவது தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிடும். நாங்கள் மூன்றாவது தெரு. எங்களுக்கு மழை என்பது பஜ்ஜி.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் நாகராஜன் சார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், பத்தாவதில் எனக்குக் கணக்கு எடுத்தவர். செயலாளர் என் அப்பா. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, பொழுது போகாமல் சங்கத்தில் சேர்ந்தவர். அந்த ஆடி மாதம் வார்டு மெம்பர் வந்து, மழைக்கு முன்னால் உங்கள் நகருக்கு ஒரு வேலை செய்து தருகிறேன் என்றார்.

"ஒன்னே ஒன்னு சார். எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. அப்புறம் மாத்திக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பேசி முடிவு பண்ணுவதா? எங்கள் சங்கத்தில் பேசி முடிவான விஷயம் அதுவரை ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அப்பா, "நம்ம உமா கம்பெனியில இந்த மாதிரி சர்வே எல்லாம் பண்றாங்க" என்று ஒரு வார்த்தை விட்டார். நாகராஜன் சார் என்னைப் பார்த்தார். பத்தாவதில் அவர் கையால் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவள் நான். அன்றைக்கு அந்தப் பழியைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"நான் பண்ணித் தரேன் சார். ரெண்டு நாள்ல ரிசல்ட் குடுத்துடலாம்" என்றேன்.

ஃபாரம் நானே தயாரித்தேன். தெருவிளக்கு, தார் ரோடு, குப்பைத் தொட்டி, பூங்கா, மினி பஸ், தெருநாய்த் தொல்லை, மழைநீர் வடிகால். ஏழுதான் வந்தது. எட்டாவதாக என்ன போடலாம் என்று சாரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு, "ஒரு வரவேற்பு வளைவு இருந்தா நல்லா இருக்கும்மா. என் தம்பி மூணு தடவை வந்து மூணு தடவையும் வேற நகருக்குப் போயிட்டான். நம்ம பேரே யாருக்கும் தெரியல" என்றார். அதையும் சேர்த்தேன். ஃபாரத்தின் அடியில் அவர் தன் கையால் ஒரு வரி எழுதினார்: 'எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும். நிரப்பாத படிவங்கள் செல்லாது.' முப்பத்தைந்து வருஷம் பரீட்சை நடத்திய கை.

ஃபாரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, காபி குடித்து, நிரப்பி முடிக்கும் வரை இருந்து வாங்கிக்கொண்டு வந்தார். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

நாலாவது தெருவுக்கு மட்டும் அவர் போகவில்லை. அன்றைக்கு முழங்கால் வலி. அங்கே ஃபாரத்தை ஒரு கட்டாகக் கொடுத்தனுப்பினார், அது கட்டாகவே திரும்பி வந்தது.

சனிக்கிழமை அப்பாவின் மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, கடன் வாங்கி வந்த லேப்டாப்பில் ஏற்ற ஆரம்பித்தேன். முதல் மூன்று தெருவும் கச்சிதம். எட்டுக் கட்டத்திலும் எட்டு எண். நாலாவது தெருக் கட்டை எடுத்தேன். எடுத்ததும் எரிச்சல் வந்தது. எல்லா ஃபாரத்திலும் 'மழைநீர் வடிகால்' பக்கத்தில் ஒரு 1. மற்ற ஏழு கட்டமும் காலி. ஒன்றில் அந்த 1 எவ்வளவு அழுத்திப் போட்டிருந்தது என்றால், பேனா பேப்பரைக் கிழித்திருந்தது.

"அப்பா, நாலாவது தெரு ஃபாரம் பூரா இன்கம்ப்ளீட். சராசரி எடுக்கவே முடியாது."

"ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடேன்மா. ஒரு தெரு தள்ளித்தானே?"

"நான் போய்க் கேட்டா பயஸ் ஆயிடும்பா."

"என்ன ஆயிடும்?"

"பயஸ். ஒருதலைப்பட்சம். சர்வேயோட புனிதமே போயிடும்."

புனிதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் நாலாவது தெருக் கட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 'செல்லாதவை' என்று எழுதி ஓரமாக வைத்தேன். சிவப்பு மையில். அடிக்கோடு வேறு.

மீதி ஃபாரங்களுக்குச் சராசரி எடுத்தேன். வந்தது வரவேற்பு வளைவு. அதுவும் சும்மா இல்லை, இரண்டாவதாக வந்ததைவிட எங்கேயோ முன்னால். எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. எத்தனை குண்டும் குழியும் இருந்தும் இந்த மக்கள் ஓர் அடையாளத்துக்குத்தான் ஏங்குகிறார்கள் என்று புல்லரித்தது. (நிஜமாகவே இப்படித்தான் நினைத்தேன். அறிக்கையில் எழுதியும் வைத்தேன்.) வடிகால் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை பள்ளிக்கூட ஹாலில் பொதுக்குழு. அடையாள அட்டை சகிதம் நான். சார்ட் பேப்பரில் கலர் கலராக வரைந்து ஒட்டி, ஸ்கேலால் சுட்டிக் காட்டி, "நம் நகரின் முதல் முன்னுரிமை, அறிவியல் பூர்வமாக, வரவேற்பு வளைவு!" என்றேன்.

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஹாலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நாகராஜன் சார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால், மெதுவாகத் தட்டினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மனிதர் கண் கலங்கிவிட்டார்.

அப்போது பின்வரிசையில் எழுந்து நின்றார் நூர்ஜகான் அக்கா. நாலாவது தெருவில் தையல் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. மோட்டார் வைத்த இரண்டு மிஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின். அவருடைய அண்ணன் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. எங்கள் நகரில் பாதிப் பேரின் ஜாக்கெட் அவர் கையில்தான். போன வருஷ மழையில் தண்ணீர் கடைக்குள் வந்து, மிஷினைச் செங்கல் மேல் தூக்கி வைத்துத் தப்பித்திருந்தார்.

"யம்மா உமா, எங்க தெருல அத்தினி பேரும் வடிகாலத்தான் போட்டோம். அது எங்க போச்சு?"

"அக்கா, உங்க தெரு ஃபாரம் எல்லாம் செல்லாது. மத்த ஏழையும் நீங்க நிரப்பலியே."

"மத்தது வேணாம்னுதானே நிரப்பல."

"வேணாம்னா எட்டுன்னு போடணும்க்கா."

"ஏழுக்கும் எட்டுனு போட்டா எடுத்துப்பியா?"

"இல்லக்கா, ஒரு நம்பர் ஒரு தடவைதான் போடலாம்."

"அப்போ, எனுக்கு வேணாத ஏழுல எது ரொம்ப வேணாம், எது கொஞ்சம் வேணாம்னு குந்திகினு யோசிக்கணுமா? தீபாவளி வருது கண்ணு. தண்ணி உள்ள வந்தா மிஷினு போச்சு, மிஷினு போனா நான் போச்சு. எனுக்கு ஒன்னுதான் வேணும், ஒன்னு போட்டேன்."

அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'சரிக்கா, திரும்பப் பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அது நம்ம மெத்தடாலஜில வராதுக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமோ சொல்ற. படிச்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது பாராட்டு மாதிரியே கேட்டது.

வளைவு என்றதும் வார்டு மெம்பருக்கும் உற்சாகம். வடிகாலில் யார் பெயரைப் பொறிக்க முடியும்? ஆவணியில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடித்துவிட்டார்கள். வலது பக்கம் கரண்ட் கம்பம் இருந்ததால் வளைவு கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போனது. இடது தூண் சரியாக அந்த மண் ஓடையின் வாயில் இறங்கியது. "இது தண்ணி போற வழி மேஸ்திரி" என்று நூர் அக்கா போய்ச் சொன்னாராம். "பிளான்ல இப்டித்தான் கீது" என்றாராம் மேஸ்திரி. திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கர், திருச்சி. தை மாதம் கல்யாணம், ஐப்பசியில் எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். அரக்கு நிறப் பட்டுப்புடவை எடுத்து, ஜாக்கெட்டை நூர் அக்காவிடம் கொடுத்திருந்தோம். பொதுக்குழு விவகாரத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் அவர் அளவு எடுத்தார். மூச்சு விட முடியாத அளவுக்கு இன்ச் டேப்பை ஒருமுறை இழுத்தார், அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் காலையில் பிடித்த மழை, விடவே இல்லை. மறுநாள் விடிந்து நான் எழுந்து கட்டிலிலிருந்து காலை இறக்கினால், சில்லென்று தண்ணீர். அதுவரை மூன்றாவது தெருவுக்குத் தண்ணீர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. போக வேண்டிய வழியில் தூண் உட்கார்ந்திருக்க, தண்ணீர் நாலாவது தெருவை நிரப்பிவிட்டு எங்களைப் பார்க்க வந்துவிட்டது. அம்மா சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றிக்கொண்டே, "வளைவு வெச்சா விருந்தாளி வராம இருப்பாங்களா?" என்றாள்.

மாடியில் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நூர் அக்கா வந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரம். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதைப் பிரித்து ஜாக்கெட்டை எடுத்து என் மடியில் போட்டார். ஒரு கைதான் இருந்தது.

"இன்னொரு கைய வெட்டி வெச்சிகீறேன். தைக்கறதுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. போன வருசம் ரெண்டு கல்லு மேல வெச்சேன், தப்பிச்சுது. இந்தத் தபா மூணு கல்லு வெச்சேன். உன் வளைவு நாலு கல்லுக்குத் தண்ணி குட்த்துச்சு. மூணு மோட்டாரும் அவுட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர் கடைப் பரண் முழுக்க ஊரார் துணி. தைத்துக் கொடுக்க மிஷின் இல்லை.

"அழுவாத. மாப்ள வூட்ல வர்ற நேரத்துல மூஞ்சி வீங்கிப் பூடும். ஊசி நூலு குடு, மிஷினு பூட்டா இன்னா, கை கீது இல்ல?" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நூலைக் கோத்துக்கொண்டே, "ஒன்னு மட்டும் பண்ணு. அந்த ஃபாரம்லாம் உங்க அப்பாகிட்டதான கீது? எடுத்துகினு வா. இந்த வளைவ மொதல்ல போட்ட மகராசன் யாருன்னு எனுக்குப் பேர் தெரியணும். நான் கைய தைச்சு முடிக்கறதுக்குள்ள ஒரே ஒருத்தன காட்டு" என்றார்.

அலமாரியிலிருந்து கட்டை எடுத்து வந்து நான் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தேன். முதல் தெருவில் எல்லோருக்கும் விளக்கு முதலாவது, வளைவு இரண்டாவது. இரண்டாவது தெருவில் ரோடு முதலாவது, வளைவு இரண்டாவது. எங்கள் தெருவில் நாய் முதலாவது, வளைவு இரண்டாவது. புரட்டப் புரட்ட எனக்கு வியர்த்தது. விளக்கு கேட்டவர்கள் நாயை ஏழாவதில் தள்ளியிருந்தார்கள், நாய்க்குப் பயந்தவர்கள் ரோட்டை ஆறாவதில் தள்ளியிருந்தார்கள். ஒரு தெரு தூக்கியதை இன்னொரு தெரு இறக்கியிருந்தது. வளைவை மட்டும் யாரும் இறக்கவில்லை. எல்லோருக்கும் அது இரண்டாவது. ஒரு ஆளுக்குக்கூட முதலாவது இல்லை.

"அப்பா!" என்று கத்தினேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். அவர் ஃபாரத்தை நீட்டினேன். நாய் ஒன்று, வளைவு இரண்டு.

"உங்களுக்கு எதுக்குப்பா வளைவு?"

"எனக்கு எதுக்கும்மா? அவர் எதிர்லயே உக்காந்து காபி குடிச்சிட்டு இருக்கார். பார்த்துட்டே இருக்கார். முகதாட்சண்யம்னு ஒன்னு இருக்கில்ல? முதல்ல போடலைன்னாலும் ரெண்டாவதாவது போட வேண்டாமா?"

ஊர் முழுக்க இந்த ஒரே முகதாட்சண்யம்தான். ஒவ்வொரு வீட்டிலும் தனக்கு வேண்டியதை முதலில் போட்டுவிட்டு, வந்து உட்கார்ந்த பெரியவர் மனம் கோணாமல் இருக்க அவர் ஆசையை இரண்டாவதில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதாகப் போட்டதெல்லாமா வந்துவிடப் போகிறது என்று.

அடுத்து என் கைக்கு வந்தது என் ஃபாரம். நாய் ஒன்று. வளைவு இரண்டு. அதை நைசாக அடியில் சொருகப் பார்த்தேன்.

"அத்த காட்டு" என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

காட்டினேன். நான்கு தையல் போட்ட பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஃபாரம் நாகராஜன் சாருடையது. இதிலாவது இருக்கும் என்று எடுத்தேன். வளைவு, இரண்டாவது. முதலாவது, மழைநீர் வடிகால். செல்லுபடியான ஃபாரங்களிலேயே வடிகாலுக்கு விழுந்த ஒரே முதலிடம் அதுதான். (பிறகு அவரிடம் கேட்டேன். "தலைவரா இருந்துட்டு என் ஆசையை நானே முதல்ல போட்டுக்கறதா? பார்க்கறவங்க என்னம்மா நினைப்பாங்க?" என்றார்.)

"அடிப் பாவி" என்றார் அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "ஒருத்தனுக்கும் வேணாத ஒன்ன, கம்ப்யூட்டர் வெச்சு கண்டுபுடிச்சியே!"

கை வைத்தாகிவிட்டது. அவசரத்தில் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது.

திருச்சி வேன் வளைவு வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் வர முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வளைவுக்கு அடியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா முழங்கால் தண்ணீரில் பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமுமாக நடந்து போய் அங்கேயே வரவேற்றாள். அந்த வளைவு கட்டியதற்கு அதன் கீழே ஒழுங்காக நடந்த ஒரே வரவேற்பு அது. என்ன பேசுவதென்று தெரியாமல் பாஸ்கர், "நல்ல வளைவு மாமா. யார் ஐடியா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், "உங்களுக்குப் பேசியிருக்கற பொண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் இடது கை எதற்காவது பின்னால் ஒளிந்திருக்கும்.

மறுநாளே நாகராஜன் சார் வீட்டு மாடியிலிருந்த அவர் மனைவியின் கால் மிஷின் நூர் அக்கா வீட்டுக்குப் போனது. அவரே முழங்கால் வலியோடு தண்ணீரில் இறங்கி ஒரு பக்கம் பிடித்தார். நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு தீபாவளி வரைக்கும் அக்காவின் கடையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்தேன். முதல் நாள் தைத்ததை எல்லாம் அவர் பிரித்துவிட்டு, "இதுக்கும் மெத்தடாலஜி கீதா?" என்று கேட்டார். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கடைசித் துணி போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மோட்டார் மூன்றில் இரண்டு பிழைத்தது. ஒன்று பிழைக்கவில்லை.

வடிகால் அடுத்த கோடையில் வந்தது. எங்கள் தெருவிலேயே இருந்த சார் வீட்டுக்குள்ளேயும் தண்ணீர் போயிருந்ததால் அவர் தினமும் நடையாய் நடந்து வாங்கி வந்தார். குழாய் பதிக்க வழியில்லாமல் இடது தூணை இடித்து ஒல்லியாகக் கட்ட வேண்டி வந்தது. "பார்த்தியாம்மா, வளைவு வந்ததாலதான் வடிகால் வந்துது. உன் கணக்கு தப்பில்ல" என்றார் சார் என்னிடம். பத்தாவதில் அவரிடம் இந்த வார்த்தையைக் கேட்க எவ்வளவு ஏங்கியிருப்பேன்!

எங்கள் வீட்டில் இப்போது 'ரெண்டாவது' என்பது ஒரு தனிச் சொல். மாமியார் வைத்த சுண்டைக்காய்க் குழம்பு எப்படி என்று கேட்டால் பாஸ்கர் தட்டைப் பார்த்தபடி "ரெண்டாவதும்மா" என்பார். என் பெண், நான் எடுத்து வந்த சுடிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "ரெண்டாவது" என்பாள். அந்தத் துணியை அவள் ஒருநாளும் போட மாட்டாள் என்று அர்த்தம்.

நூர் அக்காவின் கடை இப்போது சேலையூரில் இருக்கிறது, மாடியில். ஏழு மிஷின். என் ஜாக்கெட் எல்லாம் இன்னும் அங்கேதான். எப்போது கொண்டுபோய்க் கொடுத்தாலும், துணியில் குத்துகிற சீட்டில் பெரிதாக 8 என்று எழுதுவார். எட்டாவதாகத்தான் தைப்பார், நான் முதல் ஆளாகப் போய் நின்றாலும் சரி. போன மாதம் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த 8-ஐத் தவிர எதுவும் இல்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, அளவு இல்லை, எல்லாக் கட்டமும் காலி.

"என்னக்கா, ஒன்னுமே நிரப்பலியே?"

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏன், செல்லாதா?"

"செல்லும்க்கா, செல்லும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.